கேட்காமலே தொடங்கும் மென்பொருள்கள்

வீட்டுக் கணினி மெதுவாகிவிட்டது என்றால் நம் ஊரில் இரண்டே வைத்தியம்தான். ஃபார்மட் போட்டு விண்டோஸை மறுபடி ஏற்றுவது ஒன்று. பழையதைத் தள்ளிவிட்டுப் புதியது வாங்குவது இன்னொன்று. இரண்டிலும் பலன் உண்டு, கொஞ்ச காலத்துக்கு. பிறகு அதே புகார் திரும்பி வரும். அதே வைத்தியமும் தொடரும். ஃபார்மட் போட்டதும் கணினி ஏன் வேகமெடுக்கிறது என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. அதே பிராசசர், அதே ரேம், அதே ஹார்ட் டிஸ்க். பெரும்பாலும் மாறியிருப்பது ஒன்றுதான்: கணினியை இயக்கிய உடனே தாமாகத் தொடங்கி, திரைக்குப் பின்னால் ஓடிக்கொண்டே இருந்த மென்பொருள்களின் வரிசை காலியாகிவிட்டது. அந்த வரிசையில் எது நிற்கலாம், எது நிற்கக் கூடாது என்று முடிவெடுக்க வேண்டியவர் கணினிக்குப் பணம் கொடுத்தவர். இன்று முடிவெடுப்பவர்களோ மென்பொருளை எழுதி விற்பவர்கள். கணினி மெதுவாவதை வீட்டுக்காரரின் அறியாமையாகவும் கவனக்குறைவாகவும் பேசும் வழக்கத்தை விட்டுவிட்டு, இதை அனுமதி பற்றிய விவகாரமாகப் பார்க்க வேண்டும் என்பதே இங்கு நான் வைக்கும் வாதம்.

ஒரு மென்பொருள் தானாகத் தொடங்குவதற்கு விண்டோஸில் எத்தனை வாசல்கள் இருக்கின்றன என்று பார்த்தாலே விஷயம் விளங்கும். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு சிறு அமைப்புக் கோப்பில் ஒரு வரி எழுதினால் போதும். விண்டோஸ் 95 வந்தபோது ஸ்டார்ட் மெனுவுக்குள் ஸ்டார்ட்அப் என்றொரு ஃபோல்டர் இருந்தது. அதில் எதைப் போட்டாலும் கணினியோடு சேர்ந்து அதுவும் தொடங்கும். அது கண்ணுக்குத் தெரியும் இடம் என்பதால் நியாயமான ஏற்பாடு. ஆனால் மென்பொருள் நிறுவனங்களுக்குக் கண்ணுக்குத் தெரியாத இடங்கள்தான் பிடித்திருந்தன. ரெஜிஸ்ட்ரியில் ‘ரன்’ என்ற பெயரில் உள்ள பதிவுகள், சர்வீஸ் என்னும் பின்னணிச் சேவைகள், டாஸ்க் ஷெட்யூலர் என்னும் நேரக் குறிப்பேடு, பிரவுசரின் நீட்சிகள் என்று வாசல்கள் பெருகின. மார்க் ருசினோவிச்சும் பிரைஸ் காக்ஸ்வெல்லும் எழுதிய ‘ஆட்டோரன்ஸ்’ என்ற சிறு கருவி இந்த வாசல்களையெல்லாம் ஒரே திரையில் காட்டும். அதில் பதினைந்துக்கும் மேற்பட்ட பிரிவுகள் உள்ளன. அவர்களுடைய நிறுவனத்தை 2006-இல் மைக்ரோசாஃப்ட்டே வாங்கிக்கொண்டது. அதன் பிறகும் அந்தக் கருவி விண்டோஸுக்குள் சேர்க்கப்படவில்லை. இன்றுவரை தேடிப் போய் இறக்கிக்கொள்ள வேண்டிய பொருளாகவே இருக்கிறது.

விண்டோஸ் 98 காலத்திலிருந்தே ‘எம்எஸ்கான்ஃபிக்’ என்ற வசதி இருந்தது உண்மை. அதன் பெயரைத் தெரிந்து தட்டச்சு செய்தவர்களுக்குத்தான் அது திறந்தது. அடுத்து வந்த விண்டோஸ் 2000-இல் அதுவும் இல்லை. சாதாரணப் பயனர் தேடிப் பிடிக்கக்கூடிய இடத்தில், டாஸ்க் மேனேஜருக்குள், ஸ்டார்ட்அப் பட்டியல் வந்து சேர்ந்தது 2012-இல் விண்டோஸ் 8 வெளியானபோது. செட்டிங்ஸ் பக்கத்துக்கு அது வர 2018 ஆயிற்று. தானாகத் தொடங்கும் உரிமையை மென்பொருளுக்குக் கொடுத்தது 1995-க்கு முன்பே. அதை நிறுத்தும் பொத்தானை வீட்டுக்காரரின் கைக்கெட்டும் இடத்தில் வைத்தது பதினேழு ஆண்டுகளுக்கும் மேல் கழித்து. அப்படி வந்த பட்டியலும் பாதிதான் காட்டுகிறது. சர்வீஸ்களும் ஷெட்யூலரில் பதிந்துகொண்டவையும் அதில் தெரிவதில்லை.

இதனால் ஆகும் செலவு என்ன? ஹார்ட் டிஸ்க் வைத்த கணினியில் இதை நேரடியாகக் காணலாம். அந்த வட்டில் ஒரு தகவலைத் தேடி எடுக்கத் தலைப்பகுதி நகர வேண்டும். அதற்குச் சுமார் 10 மில்லிசெகண்ட் ஆகும். ஒரு வேலை என்றால் அது ஒன்றுமே இல்லை. விண்டோஸ் தன் கோப்புகளைத் தேடிக்கொண்டிருக்கும் அதே நேரத்தில் பிரிண்டர் மென்பொருளும் அரட்டைச் செயலியும் கிளவுட் சேமிப்பும் பாட்டுச் செயலியும் தத்தம் கோப்புகளைக் கேட்டால், தலைப்பகுதி அங்குமிங்கும் அலைந்தே நேரம் போகிறது. டெஸ்க்டாப் தோன்றிய பிறகும் எதைச் சொடுக்கினாலும் திறக்காமல் நிற்கும் அந்த மூன்று நான்கு நிமிடங்கள் இப்படித்தான் உண்டாகின்றன. மைக்ரோசாஃப்ட்டின் சொந்த அளவுகோலே கடுமையானது: தொடங்கும்போது சிபியுவில் ஒரு நொடிக்கு மேல் எடுத்தாலோ, வட்டில் 3 எம்பிக்கு மேல் படித்து எழுதினாலோ, அந்த மென்பொருளின் தாக்கம் ‘ஹை’ என்று டாஸ்க் மேனேஜர் குறிக்கிறது. உங்கள் வீட்டுக் கணினியில் ‘ஹை’ என்று குறிக்கப்பட்டவை எத்தனை, அவற்றில் இந்த வாரம் நீங்கள் பயன்படுத்தியவை எத்தனை என்று ஒருமுறை எண்ணிப் பாருங்கள். ஒரு நாளைக்கு 2 நிமிடம்தான் வீணாகிறது என்று வைத்துக்கொண்டாலும் ஆண்டுக்கு 12 மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. வீட்டில் நான்கு பேர் பயன்படுத்தும் ஒற்றைக் கணினி என்றால் கணக்கை நீங்களே பெருக்கிக்கொள்ளலாம்.

இதற்கு உடனே வரும் மறுப்பு, ‘எஸ்எஸ்டி வந்துவிட்டது, ரேமும் மலிந்துவிட்டது, இனி இதெல்லாம் ஒரு பிரச்சினையா?’ என்பது. பாதி உண்மை. எஸ்எஸ்டியில் நகர வேண்டிய தலைப்பகுதி இல்லை. ஒரே நேரத்தில் பலர் கேட்டாலும் அது திணறுவதில்லை. பழைய மடிக்கணினிக்குச் செய்யக்கூடிய சிறந்த ஒற்றைச் செலவு எது என்று கேட்டால் எஸ்எஸ்டி என்றுதான் நானும் சொல்வேன். ஆனால் தொடங்கும் நேரத்தோடு செலவு முடிந்துவிடுவதில்லை. தொடங்கிய மென்பொருள் உள்ளே உட்கார்ந்துவிடுகிறது, நினைவகத்தை எடுத்துக்கொள்கிறது, இணையத்தைத் தொடுகிறது, பேட்டரியைக் கரைக்கிறது. விண்டோஸ் 11-க்கு மைக்ரோசாஃப்ட் கேட்கும் குறைந்தபட்ச ரேம் 4 ஜிபி. அந்த அளவோடு விற்கப்பட்ட கணினிகள் இன்றும் வீடுகளில் ஓடிக்கொண்டிருக்கின்றன. தமிழ்நாட்டு அரசு 2011 முதல் பள்ளி, கல்லூரி மாணவர்களுக்குக் கொடுத்த மடிக்கணினிகள் பல குடும்பங்களுக்கு முதல் கணினி. அவற்றில் பழையவற்றுக்கு எஸ்எஸ்டி கிடையாது. மலிவு என்பது கடைத்தெருவில் நிற்பவரின் கணக்கு. இருப்பதை வைத்து ஓட்டுகிறவர் நாளும் எதிர்கொள்வது வேறு.

இன்னொரு மறுப்பு கொஞ்சம் நுட்பமானது. ‘காலியாகக் கிடக்கும் ரேம் வீணான ரேம்’ என்று விவரம் தெரிந்தவர்கள் சொல்வார்கள். 2007-இல் வந்த விஸ்டா முதல், அடிக்கடி பயன்படுத்தும் கோப்புகளை முன்கூட்டியே நினைவகத்தில் ஏற்றி வைக்கும் ஏற்பாடு விண்டோஸில் இருக்கிறது. அதனால் ரேம் நிரம்பியிருப்பதைப் பார்த்துப் பதறக் கூடாது என்பது அவர்கள் வாதம். அந்த அளவில் அது சரி. ஆனால் இரண்டு விதமான நிரம்பல்களை அது ஒன்றாக்கிவிடுகிறது. இயங்குதளம் முன்னேற்பாடாக ஏற்றி வைத்ததை, இடம் தேவைப்பட்ட நொடியில் அப்படியே தூக்கி எறிந்துவிடலாம். மூலக் கோப்பு வட்டில் பத்திரமாக இருக்கிறது. ஓடிக்கொண்டிருக்கும் மென்பொருள் தனக்கென்று எடுத்துக்கொண்ட நினைவகத்தை அப்படி எறிய முடியாது. அதைச் சுருக்க வேண்டும், அல்லது வட்டில் எழுதிவைத்துவிட்டுத் தேவைப்படும்போது மறுபடி படிக்க வேண்டும். குறைந்த ரேம் கொண்ட கணினியில் ஒரு சாளரத்திலிருந்து இன்னொன்றுக்குப் போகும்போது வரும் தயக்கம் இந்த எழுத்து வேலையின் விளைவு. முன்னேற்பாட்டின் பலன் உங்களுக்கு. உள்ளே உட்கார்ந்திருக்கும் மென்பொருளின் பலன் பெரும்பாலும் அதை எழுதியவருக்கு.

எழுதியவருக்கு அப்படி என்ன பலன் என்று கேட்கலாம். ஒரு நிறுவனத்தின் மென்பொருள் சொடுக்கிய உடனே திறந்தால் பயனர் அதைப் பாராட்டுவார். வேகமாகத் திறக்க இரண்டு வழிகள் உண்டு: மென்பொருளைச் செம்மையாக எழுதுவது, அல்லது முன்கூட்டியே தொடங்கிவைத்துவிட்டு மறைந்திருப்பது. இரண்டாவது மிகவும் சுலபம். 2021-இல் மைக்ரோசாஃப்ட் எட்ஜ் பிரவுசரில் ‘ஸ்டார்ட்அப் பூஸ்ட்’ வந்தது. நீங்கள் பிரவுசரைத் திறக்கும் முன்பே அதன் ஒரு பகுதி பின்னணியில் ஓடும். 2025-இல் இதே பெயரில் ஆஃபீஸ் மென்பொருள்களுக்கும் முன்கூட்டியே ஏற்றிவைக்கும் ஒரு வேலையை ஷெட்யூலரில் பதியப்போவதாக அந்நிறுவனம் அறிவித்தது. குறைந்தது 8 ஜிபி ரேம் உள்ள கணினிகளில் மட்டும்தான் என்று ஒரு வரம்பு வைத்ததைப் பாராட்ட வேண்டும். வேண்டாம் என்றால் வேர்டின் அமைப்புகளில் நிறுத்திக்கொள்ளவும் வழி வைத்தார்கள். ஆனால் ஷெட்யூலருக்குள் போய் அந்தப் பதிவை முடக்கினால், ஆஃபீஸ் புதுப்பிக்கப்படும் ஒவ்வொரு முறையும் அது மறுபடி உருவாகும், மறுபடி முடக்க வேண்டியிருக்கும் என்று அந்த அறிவிப்பிலேயே சொல்லியிருந்தார்கள். வீட்டுக்காரர் ‘வேண்டாம்’ என்று சொன்னதை ஒரு மென்பொருள் அடுத்த மாதம் மறந்துவிடலாம் என்பது எந்த நாட்டு நியாயம்?

இது ஒரு நிறுவனத்தின் குறை மட்டும் அல்ல. ஜாவாவின் புதுப்பிப்புக் கருவி பல ஆண்டுகளாகக் கணினியோடு தொடங்கி நாள் முழுக்க நினைவகத்தில் இருந்தது. அதன் வேலை, புதிய பதிப்பு வந்திருக்கிறதா என்று எப்போதாவது ஒருமுறை பார்ப்பது. அதே வேலையை விண்டோஸின் ஷெட்யூலரிடம் ஒப்படைத்திருந்தால் அந்த நேரத்தில் மட்டும் எழுந்து பார்த்துவிட்டு முடிந்திருக்கும். இப்படி ஒவ்வொரு நிறுவனமும் தன் மென்பொருள் எடுப்பதை மட்டும் பார்க்கிறது: நூறு எம்பிதானே, யாருக்கு என்ன நஷ்டம்? மொத்தத்தைக் கூட்டிப் பார்ப்பவர் வீட்டுக்காரர் ஒருவரே. தாங்கள் எடுப்பதைக் குறைக்க முடியாது என்பதும் இல்லை. 2023-இல் டீம்ஸ் செயலியைப் புதிதாக அமைத்தபோது நினைவகத் தேவை பாதியாகிவிட்டது என்று மைக்ரோசாஃப்ட் பெருமையோடு அறிவித்தது. பழைய டீம்ஸ் அத்தனை ஆண்டுகளும் இரண்டு மடங்கு எடுத்துக்கொண்டிருந்தது என்ற பொருளும் அந்த அறிவிப்புக்குள்ளேயே இருக்கிறது.

குழாய் பழுதுபார்க்க ஒருமுறை வந்தவர், வீட்டுச் சாவிக்கு நகல் எடுத்துக்கொண்டு தினமும் காலையில் நமக்கு முன்பே கூடத்தில் வந்து உட்கார்ந்திருந்தால், ‘குழாய் எப்போது வேண்டுமானாலும் ஒழுகலாமே’ என்ற அவருடைய விளக்கத்தை நாம் ஏற்க மாட்டோம். அவர் நல்லவரா, எவ்வளவு இடத்தை அடைக்கிறார் என்பதெல்லாம் இரண்டாம் கேள்வி. சாவியை யார் கொடுத்தது என்பதே முதல் கேள்வி. கணினியில் இந்த முதல் கேள்வியைத் தாண்டிவந்து நாம் எம்பி கணக்கைப் பேசிக்கொண்டிருக்கிறோம்.

சாவி விவகாரம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்குப் பதிவான சான்றுகள் உண்டு. லெனோவோ நிறுவனம் 2014-இல் விற்ற சில மடிக்கணினிகளில் சூப்பர்ஃபிஷ் என்னும் விளம்பர மென்பொருளை முன்கூட்டியே ஏற்றி அனுப்பியது. பின்னணியில் ஓடிய அது, வங்கித் தளங்கள் உள்ளிட்ட பாதுகாப்பான இணைப்புகளுக்கு நடுவிலும் புகுந்து பார்க்கும்படி தன் சொந்தச் சான்றிதழைக் கணினியில் நட்டுவைத்திருந்தது. 2015 பிப்ரவரியில் விஷயம் வெளிவந்தது. அமெரிக்க வணிக ஆணையத்தோடும் 32 மாநிலங்களோடும் 2017-இல் லெனோவோ சமரசம் செய்துகொள்ள வேண்டியிருந்தது. 2019 ஜூலையில் ஜூம் செயலியின் மேக் பதிப்பில் இன்னொரு கோளாறு அம்பலமானது. செயலியை நீக்கிய பிறகும் அது நிறுவிய ஒரு சிறு சர்வர் பின்னணியில் ஓடிக்கொண்டே இருந்தது. தேவைப்பட்டால் செயலியை மறுபடி நிறுவவும் அதனால் முடிந்தது. கடைசியில் ஆப்பிள் நிறுவனமே ஓசையில்லாமல் ஒரு புதுப்பிப்பை அனுப்பி அதை அகற்றியது. இவை எல்லாமே பெயர் பெற்ற நிறுவனங்கள். தீங்கு செய்யவென்றே எழுதப்படும் மென்பொருள்கள் நுழைவதும் அதே ‘ரன்’ பதிவுகள், அதே ஸ்டார்ட்அப் ஃபோல்டர், அதே ஷெட்யூலர் வழியாகத்தான். ஐந்து பெயர்கள் இருக்கும் பட்டியலில் ஆறாவதாக ஒன்று வந்தால் யாருக்கும் தெரியும். முப்பது பெயர்களுக்கு நடுவே வந்தால் யார் கவனிப்பார்கள்?

புதுக் கணினி வாங்கினால் தொல்லை விட்டது என்று நினைப்பவர்களுக்குச் சோனியின் கதை ஒன்று போதும். 2008 மார்ச்சில் அந்நிறுவனம் தன் வயோ மடிக்கணினிகள் சிலவற்றுக்கு ‘ஃப்ரெஷ் ஸ்டார்ட்’ என்று ஒரு தேர்வு வைத்தது: முன்கூட்டியே ஏற்றப்பட்ட சோதனைப் பதிப்புகளும் விளம்பரச் செயலிகளும் இல்லாத கணினி வேண்டுமென்றால் சுமார் 50 டாலர் கூடுதலாகக் கட்ட வேண்டும். எதிர்ப்பு கிளம்பியதும் கட்டணத்தை விலக்கிக்கொண்டார்கள். அந்தச் சில நாள்களில் ஒரு வணிக உண்மை வாய்தவறி வெளிவந்துவிட்டது. சுத்தமான கணினிக்கு விலை உண்டு, ஏனென்றால் உங்கள் ஸ்டார்ட்அப் பட்டியலில் ஓர் இடத்துக்கு வேறு யாரோ பணம் கொடுக்கத் தயாராக இருக்கிறார்கள்.

‘பின்னணியில் ஓடாவிட்டால் சில வேலைகள் நடக்கவே நடக்காதே’ என்பது வலுவான மறுப்பு; இதை இலகுவாக ஒதுக்க முடியாது. வைரஸ் தடுப்பு பின்னணியில் ஓடத்தான் வேண்டும். ஒன்டிரைவ், கூகுள் டிரைவ் போன்றவற்றில் கோப்புகளைச் சேமிப்பவருக்கு அவை ஓடாவிட்டால் காப்பு நின்றுபோகும். வெளிநாட்டிலிருந்து பிள்ளைகள் அழைக்கும் செயலி ஓடாவிட்டால் மணி ஒலிக்காது. பார்வையற்றவர்களுக்குத் திரையை வாசித்துக் காட்டும் மென்பொருள், தமிழ் விசைப்பலகைக்கான கருவி ஆகியவை கணினியோடு தொடங்காவிட்டால் பயனர் எதுவுமே செய்ய முடியாமல் போகலாம். ஆனால் இந்தப் பட்டியலில் இருப்பவை எல்லாம், வீட்டுக்காரரிடம் கேட்டால் அவரே ‘வேண்டும்’ என்று சொல்லக்கூடியவை. கேட்டால் கிடைக்கும் என்றால் கேட்பதில் என்ன தயக்கம்? கேட்டால் கிடைக்காது என்று தெரிந்தவைதான் கேட்காமல் நுழைகின்றன.

கேட்டு நடத்தினால் உலகம் நின்றுபோகாது என்பதற்குக் கைபேசியே சாட்சி. ஐபோனில் தொடக்கத்தில் வெளியார் செயலிகளுக்குப் பின்னணியில் ஓடும் உரிமையே கிடையாது. 2010-இல்தான் பாட்டு, அழைப்பு, இருப்பிடம் போன்ற குறிப்பிட்ட வேலைகளுக்கு மட்டும் வாசல் திறந்தார்கள். ஆண்ட்ராய்டு எல்லாவற்றையும் திறந்துவிட்டுப் பேட்டரி தீர்ந்துபோவதைப் பார்த்து, 2017-இல் ஆண்ட்ராய்டு 8 வந்தபோது பின்னணி வேலைகளுக்குக் கடிவாளம் போட்டது. இரண்டிலும் அழைப்பு வராமல் போகவில்லை, செய்தி நின்றுவிடவில்லை. மேக்கில் 2022-இன் வென்ச்சுரா பதிப்பு முதல், ஒரு மென்பொருள் பின்னணிப் பட்டியலில் தன்னைச் சேர்த்துக்கொண்டால் உடனே அறிவிப்பு வருகிறது. ஒரே பக்கத்தில் நிறுத்தவும் முடிகிறது. சேர்ந்த பிறகு சொல்வது முழு அனுமதி ஆகாது என்றாலும், சொல்லாமல் இருப்பதைவிட எவ்வளவோ மேல். மைக்ரோசாஃப்ட்டுக்கும் வழி தெரியாமல் இல்லை. ஸ்டோருக்கென்றே புது முறையில் எழுதப்பட்ட செயலிகள் கணினியோடு தொடங்க விரும்பினால் பயனரிடம் சம்மதம் கேட்க வேண்டும். பயனர் ஒருமுறை மறுத்துவிட்டால் செயலி தானாக அதை மாற்ற முடியாது. விண்டோஸ் 10-இலேயே இந்த விதி இருக்கிறது. வீடுகளில் உண்மையில் பயன்படும் வழக்கமான மென்பொருள்களுக்கு மட்டும் அதே விதி பொருந்தாது. அதை அவற்றுக்கும் நீட்டாதது தொழில்நுட்ப இயலாமையால் அல்ல.

‘எதற்கெடுத்தாலும் அனுமதி கேட்டால் மக்கள் படிக்காமலே சரி என்று அழுத்திவிடுவார்கள்’ என்பார்கள். விஸ்டாவில் அப்படித்தான் நடந்தது. ஒவ்வொரு சின்ன மாற்றத்துக்கும் திரையை மங்கலாக்கி ‘தொடரலாமா’ என்று அது கேட்டதில் சலித்துப்போன மக்கள் அந்த வசதியையே அணைத்தார்கள். 2009-இல் விண்டோஸ் 7 வந்தபோது கேள்விகளைக் குறைக்க வேண்டியதாயிற்று. இந்தப் பாடத்தை ஏற்றுக்கொண்டே சொல்கிறேன்: நான் கேட்பது கேள்விப் பெட்டிகள் அல்ல. இயல்பு நிலை ‘தொடங்காது’ என்று இருக்கட்டும். தொடங்க வேண்டிய தேவை உள்ள மென்பொருள், அந்தத் தேவை எழும் இடத்தில் கேட்கட்டும். ‘அழைப்புகளைத் தவறவிடாமல் இருக்க நான் எப்போதும் ஓடட்டுமா’ என்று முதல் அழைப்பு முடிந்ததும் ஒரு செயலி கேட்டால், பயனருக்குக் கேள்வி புரியும், பதிலும் தெரியும். பிரிண்டர் மென்பொருளுக்குக் கேட்க ஒரு காரணமும் கிடைக்காது. அதனால் அது கேட்கவும் போவதில்லை.

அதுவரை வீட்டில் என்ன செய்வது? கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் ஸ்டார்ட்அப் பகுதிக்குப் போய், தேவையில்லாத பெயரின் மேல் ரைட் கிளிக் செய்து டிஸேபிள் கொடுத்தால் முடிந்தது. விவரம் இல்லாதவர்கள் எதையாவது நிறுத்திக் கணினியைக் கெடுத்துவிடுவார்கள் என்று பயமுறுத்துபவர்களை நம்ப வேண்டாம். இங்கே நிறுத்துவது நீக்குவது ஆகாது; மென்பொருள் அப்படியே இருக்கும், நீங்கள் திறக்கும்போது திறக்கும், தவறாக நிறுத்தியிருந்தால் அதே இடத்தில் எனேபிள் கொடுக்கலாம். விண்டோஸ் செக்யூரிட்டி, டச்பேட், ஒலி ஆகியவற்றுக்கான பெயர்களை விட்டுவிடுங்கள். சர்வீஸ்கள் என்ற பகுதிக்குள் நுழைவது வேறு கதை. அங்கே ஒன்றை நம்பி இன்னொன்று நிற்பதால் தெரியாமல் கை வைக்கக் கூடாது. ‘எஸ்விசிஹோஸ்ட்’ என்ற பெயர் ஐம்பது அறுபது தடவை வருகிறதே, வைரஸா என்று பலர் அஞ்சுகிறார்கள். 2017-இன் ஒரு புதுப்பிப்பு முதல், 3.5 ஜிபிக்கு மேல் ரேம் உள்ள கணினிகளில் விண்டோஸ் தன் சேவைகளைத் தனித்தனியாகப் பிரித்து ஓட்டுகிறது. ஒன்று விழுந்தால் மற்றவை விழாமல் இருக்க. எண்ணிக்கை கூடியது அதனால்தான். சாளரத்தின் மூலையில் உள்ள பெருக்கல் குறியை அழுத்தியதும் மென்பொருள் மூடிவிட்டது என்றும் நினைக்க வேண்டாம். பல செயலிகள் கடிகாரத்துக்குப் பக்கத்தில் போய் ஒளிந்துகொள்கின்றன.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் செய்யக் கூடாது: கணினியை வேகப்படுத்துவதாகச் சொல்லும் ‘பூஸ்டர்’, ‘கிளீனர்’ எதையும் இதற்காக நிறுவக் கூடாது. பின்னணி மென்பொருள்களைக் குறைக்க இன்னொரு பின்னணி மென்பொருளைக் கொண்டுவருவது வேடிக்கை என்பதோடு, அந்தத் தொழிலின் வரலாறும் அழகாக இல்லை. அமெரிக்காவில் ஆஃபீஸ் டிப்போ என்ற கடை நிறுவனமும் அதன் கூட்டாளியும் ‘கணினிப் பரிசோதனை’ என்ற பெயரில் இல்லாத கோளாறுகளைக் காட்டிப் பழுதுநீக்கும் சேவைகளை விற்றதற்காக 2019-இல் மொத்தம் 3.5 கோடி டாலர் கட்ட ஒப்புக்கொண்டன. புகழ்பெற்ற சிசிகிளீனரின் ஒரு பதிப்புக்குள் 2017-இல் ஊடுருவிகள் தீங்கு நிரலைச் செருகிவிட்டார்கள். 20 லட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகளில் அது போய்ச் சேர்ந்தது. அதற்கு அடுத்த ஆண்டே, பின்னணிக் கண்காணிப்பைப் பயனர் நிரந்தரமாக அணைக்க முடியாதபடி ஒரு பதிப்பை வெளியிட்டு, கண்டனம் எழுந்ததும் அதைச் சிசிகிளீனரின் நிறுவனம் திரும்பப் பெற்றது. சுத்தம் செய்ய வந்தவருக்கும் சாவியின் மேல்தான் கண்.

இவ்வளவையும் வீட்டுக்காரர் ஒவ்வொருவரும் கற்று, மாதம் ஒருமுறை பட்டியலைப் பார்த்து, திரும்பி வந்தவற்றை மறுபடி நிறுத்தி வாழ வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயம் இல்லை. சட்டத்துக்கும் இதில் இடம் உண்டு. முன்கூட்டியே டிக் போட்டு வைத்த கட்டம் சம்மதம் ஆகாது என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2019 அக்டோபரில், பிளானட்49 வழக்கில் தீர்ப்பளித்தது. அது குக்கீ பற்றிய வழக்கு; ஆனால் நிறுவும்போது ‘கணினியோடு சேர்ந்து தொடங்கு’ என்ற கட்டத்தில் தானே டிக் போட்டுக்கொள்ளும் மென்பொருள் செய்வதும் அதையேதான். நம் நாட்டின் 2023-ஆம் ஆண்டு தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், சம்மதம் என்றால் அது தெளிவான செயலால் வெளிப்பட வேண்டும் என்கிறது. அது தரவுக்குப் பொருந்தும். கணினியின் நினைவகத்துக்கும் நேரத்துக்கும் அப்படி ஒரு விதி இன்னும் இல்லை. இருந்தாலும் மிக அருகில் வந்துவிட்டோம். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30 அன்று வெளியிட்ட வழிகாட்டு நெறிகள், இணைய வணிகத்தில் பயனரை ஏமாற்றும் 13 உத்திகளைப் பெயர் சொல்லித் தடுக்கின்றன. வாடிக்கையாளர் கேட்காத பொருளைக் கூடையில் நுழைப்பது அவற்றில் ஒன்று. கேட்காத மென்பொருளை ஸ்டார்ட்அப் பட்டியலில் நுழைப்பதற்கும் அதற்கும் பெரிய தூரம் இல்லை.

உலகளாவிய நிறுவனங்களை இந்திய விதி என்ன செய்துவிடும் என்று கேட்பவர்கள், ஐரோப்பாவில் விண்டோஸ் எப்படி நடந்துகொள்கிறது என்று பார்க்கலாம். டிஜிட்டல் சந்தைச் சட்டம் வந்த பிறகு 2024 முதல் அங்குள்ள பயனர்கள் எட்ஜ் பிரவுசரையே நீக்கிக்கொள்ளலாம். பிற நாட்டவருக்கு அந்தச் சலுகை இல்லை. விதி இருக்கும் இடத்தில் நிறுவனங்கள் பணிந்து நடக்கின்றன. நம் நுகர்வோர் ஆணையம் தன் பட்டியலில் பதினான்காவதாக ஒன்றைச் சேர்க்க வேண்டும்: பயனரின் தெளிவான சம்மதம் இல்லாமல் எந்த மென்பொருளும் கணினியோடு தானாகத் தொடங்கக் கூடாது; நிறுத்தப்பட்டால் புதுப்பிப்பின் பெயரால் மீண்டும் முளைக்கக் கூடாது. அரசு தன் செலவில் மாணவர்களுக்கு வாங்கிக் கொடுக்கும் மடிக்கணினிகளின் ஒப்பந்தத்தில் இந்த நிபந்தனையைச் சேர்க்க ஆணையத்துக்காகக் காத்திருக்கவும் தேவையில்லை. அடுத்த டெண்டரிலேயே ஒரு வரி எழுதினால் போதும்.